பத்தரைக் கிலோ தண்ணீர்

இரண்டாம் முறை அவர் வந்தபோது காலில் செருப்பு இல்லை. மகன் அவரைத் தாங்கிப் பிடித்து அவசரப் பிரிவுக்குள் கூட்டிவந்தார். செருப்பு மகனின் கையிலிருந்த மஞ்சப்பையில் இருந்தது. "நேத்து வரைக்கும் போட்டுட்டுத்தானுங்க இருந்தாரு" என்றார். அதற்கு வாய்ப்பே இல்லை. வீங்கிய புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், குழி விழுந்தது. பழைய கோப்பைப் புரட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தபோதும் அந்தக் குழி பாதிதான் மேடேறியிருந்தது.

பதினேழு நாளுக்கு முன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பி வைத்தவன் நான்தான். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஆளை அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 66. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் வாழையும் போடுகிறவர், பதினைந்து வருடச் சர்க்கரைக்காரர். 2019இல் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தது, ஆனால் இதயத்தின் முன்சுவர் போய்விட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தம் 28 சதவீதம்தான். நல்ல இதயத்தில் இது 55க்கு மேல் இருக்கும். இதயத்துக்குப் பைசோப்ரோலால், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி., காலையில் நீர் பிரியவைக்கிற ஃப்ரூஸமைட் 40 மி.கி., இவற்றோடு சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் மாத்திரைகள் என்று ஓடிக்கொண்டிருந்தது.

முதல் முறை வந்தது மார்கழிக் கடைசியில். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றார். எடை 76.2 கிலோ. ஃப்ரூஸமைட் 40 மி.கி. ஊசியைக் காலையும் மாலையும் நாலு நாள் போட்டோம். மூச்சு அடங்கியது. எடை 73.6க்கு வந்தது. ஆனால் கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின் 1.3லிருந்து 1.6 ஆனது. எனக்குப் பயம் வந்துவிட்டது. கிட்னி அடி வாங்குகிறதே என்று ஊசியை நிறுத்தி, மாத்திரையைக் காலையும் மாலையும் 40 ஆக்கினேன். பொங்கலுக்கு வீட்டில் இருக்கவேண்டும் என்று அவர்களும் அவசரப்பட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'கால் வீக்கம் குறைந்துள்ளது.' குறைந்துள்ளது என்றால் இன்னும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். எழுதும்போது அது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது எடை 78.4 கிலோ. ரத்த அழுத்தம் 104/70, நாடி 96, ஆக்சிஜன் 91 சதவீதம். உட்கார்ந்த நிலையிலேயே கழுத்து நரம்பு காதுமடல் வரை புடைத்திருந்தது. வீக்கம் தொடை தாண்டி விரைப்பை வரைக்கும் ஏறியிருந்தது. வயிற்றில் கொஞ்சம் நீர், வலப்பக்க நுரையீரல் உறையில் அதைவிடக் கூடுதலாக நீர். கிரியேட்டினின் 1.7, சோடியம் 131, பொட்டாசியம் 4.6, ஹீமோகுளோபின் 10.8. இதயம் திணறுவதைக் காட்டும் என்டி-ப்ரோ பிஎன்பி 8,900. புது மாரடைப்பு இல்லை என்று ஈசிஜியும் ட்ரோபோனினும் சொல்லின. எக்கோவில் இதயம் பழையபடியேதான் இருந்தது. ஆக, இதயம் புதிதாகக் கெடவில்லை. தண்ணீர்தான் ஏறியிருக்கிறது. எப்படி?

அதைக் கண்டுபிடித்தது நானில்லை, வார்டு சிஸ்டர். சாயங்காலம் அவருடைய மனைவியோடு பெஞ்சில் உட்கார்ந்து, மாத்திரைப் பையை மடியில் கவிழ்த்து எண்ணியிருக்கிறார். கணக்குப்படி தீர்ந்திருக்க வேண்டிய நீர் மாத்திரையில் பதினொன்று மிச்சம். அந்தம்மா சொன்னது இதுதான்: "சந்தைக்குப் போற அன்னிக்குப் போடமாட்டாருங்க. பஸ்ல அவசரத்துக்கு எங்கீங்க எறங்கறது?" மஞ்சள் மாதிரியை எடுத்துக்கொண்டு பெருந்துறை விற்பனைக்கூடத்துக்குப் போகிற நாள், ஈரோடு போகிற நாள், நோம்பிக்குச் சொந்தபந்தங்கள் வந்த நாள், கல்யாணத்துக்குப் போன நாள் என்று எல்லா நாளும் மாத்திரைக்கு விடுமுறை. மூணு மணி நேரத்தில் நாலு தடவை ஒண்ணுக்குப் போகவைக்கிற மாத்திரையைப் பஸ் பிரயாணத்துக்கு முன்னால் யார் போடுவார்கள்? நானும் போடமாட்டேன். ஆனால் இதைச் சொல்லுங்கள் என்று நாங்கள் அவரைக் கேட்டதே இல்லை. 'மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறீங்களா?' என்று கேட்டால் 'போடறனுங்க' என்ற பதில்தான் வரும்.

பையின் அடியில் இன்னொரு அட்டையும் கிடைத்தது. டைக்ளோஃபினாக். பொங்கலுக்குப் பிறகு முட்டி வலி அதிகமாகி, மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, ஆறு நாள் இருவேளையும் போட்டிருக்கிறார். இந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் வாசலைத் திறந்து வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துவிடும். உடனே சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும், உப்பு பிடித்த இடத்தில் தண்ணீரும் நிற்கும், நீர் மாத்திரையின் வேகமும் குறையும். ராமிப்ரிலும் நீர் மாத்திரையும் ஏற்கெனவே போடுகிறவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் மூன்று பக்கமும் அடி வாங்கும். உப்பு விஷயத்தில் அந்தம்மா சத்தியமாகக் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டார். உப்பு இல்லாத அரிசிம்பருப்பு சாதம் தொண்டையில் இறங்காது என்று தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் ஊறுகாயும் அப்பளமும் வைத்திருக்கிறார்.

இதெல்லாம் இருந்தும், போட்ட மாத்திரையாவது ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்வி மிச்சமிருந்தது. ஃப்ரூஸமைட் மாத்திரையில் சராசரியாகப் பாதிதான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். அந்தச் சராசரிக்குள் பத்து சதவீதமும் உண்டு, நூறு சதவீதமும் உண்டு. காலில் நீர் கோத்தவருக்குக் குடல் சுவரிலும் நீர் கோத்திருக்கும், அதனால் மருந்து மெதுவாகக் கசிந்து உள்ளே போகும். மெதுவாகப் போனால் என்ன, மொத்தமாகப் போய்ச் சேர்ந்துவிடுமே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். இந்த மருந்து ரத்தத்தில் ஓர் அளவைத் தாண்டினால்தான் சிறுநீர் பிரியும், அதற்குக் கீழே ஒன்றுமே நடக்காது. லோ வோல்டேஜில் கிணற்று மோட்டார் பாதி வேகத்திலா ஓடுகிறது? உறுமிக்கொண்டு நிற்கும், தண்ணீர் ஒரு சொட்டு வராது. அதே கதைதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த அளவே இன்னும் உயரத்தில் இருக்கும்.

முதல் முறை நான் செய்த தவறும் இதில்தான் இருக்கிறது. 40 மி.கி. ஊசி போட்டேன். எவ்வளவு வந்தது என்று மறுநாள் காலை ரவுண்ட்ஸில்தான் பார்த்தேன். அது போதவில்லை என்று தெரிந்தபோது ஒரு நாள் போயிருந்தது. அப்படி நாலு நாள். ஃப்ரூஸமைட் ஊசி ஐந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிற மருந்து. அதன் பலனைப் பார்க்க இருபத்துநாலு மணி நேரம் எதற்கு?

இந்த முறை ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலில் இருக்கிறபடி போனோம். வீட்டில் நாளொன்றுக்குப் போடும் மொத்த அளவின் ஒரு மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஊசியாகத் தொடங்கலாம் என்கிறது அது. 80 மி.கி. போட்டோம். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சிறுநீர் மாதிரி எடுத்து, உப்பு வெளியே போகிறதா என்று சோடியம் பார்க்கவேண்டும். 50லிருந்து 70க்குக் கீழே இருந்தால் மருந்து உறுமுகிறதே தவிர ஓடவில்லை. முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100லிருந்து 150 மி.லி. வரவில்லை என்றாலும் அப்படித்தான். லேப் தம்பியிடம் சிறுநீரில் சோடியம் கேட்டபோது, "இத இங்க யாரும் கேட்டதே இல்லீங்களே சார்" என்றார். அப்புறம் செய்து கொடுத்தார். 38.

ஆறு மணி நேரத்தில் வந்தது 420 மி.லி. அதாவது மணிக்கு 70.

அளந்தது எப்படி என்பதையும் சொல்லவேண்டும், அதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. டியூப் போடவில்லை. நினைவோடு எழுந்து நிற்கிறவருக்கு அளவு பார்ப்பதற்காக மட்டும் டியூப் போட்டுக் கிருமியை அழைத்துவருவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் மார்க்கர் பேனாவால் நூறு நூறாகக் கோடு போட்டுக் கட்டிலடியில் வைத்தோம். பெரியவருக்கு வெட்கம். மகன் முன்னால் அதில் போகமாட்டேன் என்று பாத்ரூமுக்கே போய்விட்டு வந்தார். முதல் நாள் மத்தியானம் அப்படி ஒரு தடவை கணக்கில் விட்டுப்போனது. அப்புறம் சிஸ்டர் ஒரு திரையை இழுத்துவிட்டு, "ஐயா, நீங்க மூட்டைய எடை போடாம மண்டிக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு தப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே கோட்டைப் பார்த்து எண்ணைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

420 போதாது, அதனால் அளவை இரட்டிப்பாக்கினோம். 160 மி.கி. என்றதும் இரவு டியூட்டி சிஸ்டர் இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அவர் கேட்டது சரிதான். 20 மி.கி. ஆம்பூல் எட்டைக் கழுத்தொடித்துத் தட்டில் வரிசையாக வைத்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இவ்வளவையும் ஒரே தள்ளாகத் தள்ளக்கூடாது. நிமிடத்துக்கு 4 மி.கி.க்கு மேல் போனால் காது இரையும், கேட்கும் திறனே போகவும் கூடும். சிரிஞ்சு பம்பில் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடும்படி வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் சோடியம் 84. அடுத்த ஆறு மணி நேரத்தில் 1,150 மி.லி. மோட்டார் பிடித்துவிட்டது. அதே 160ஐக் காலையும் மாலையும் தொடர்ந்தோம். ராமிப்ரிலைப் பாதியாக்கினோம், நிறுத்தவில்லை. வலி மாத்திரை அட்டையைச் சிஸ்டரே குப்பையில் போட்டுவிட்டார்.

காலை எடை 77.3, அப்புறம் 75.6, அப்புறம் 73.5. கிரியேட்டினினும் ஏறியது. 1.9 ஆகி, நாலாம் நாள் 2.0.

போன முறை நான் கையை எடுத்தது இதைவிடக் குறைந்த எண்ணில். இந்த முறை மகன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "கிட்னி போயிருமுங்களா?" என்று கேட்டார். நானும் உள்ளுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் இதயச் செயலிழப்பில் சிறுநீரகம் கெடுவது ரத்தம் வந்து சேராததால் மட்டுமல்ல, வந்த ரத்தம் வெளியேற முடியாததாலும்தான். சிரையில் அழுத்தம் ஏறி நிற்கும்போது சிறுநீரகமும் காலைப்போல வீங்கித்தான் இருக்கிறது, நமக்குத்தான் அதில் விரல் வைத்துப் பார்க்க முடிவதில்லை. 2011இல் வந்த டோஸ் ஆய்வில் 308 பேரைப் பார்த்தார்கள். கூடுதல் அளவு மருந்து பெற்றவர்களில் கிரியேட்டினின் ஏறியவர்கள் அதிகம். அறுபது நாள் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் இல்லை. எடை குறைகிறது, மூச்சு இலகுவாகிறது, ரத்த அழுத்தம் விழாமல் நிற்கிறது, கூடவே கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுகிறது என்றால் அதற்குப் பயந்து நிறுத்தக்கூடாது. நீர் போகாமல் கிரியேட்டினின் மட்டும் ஏறினால்தான் பயப்படவேண்டும். அவருக்குக் கழுத்து நரம்பு இன்னும் புடைத்தே இருந்தது. தொடர்ந்தோம்.

ஆனால் அந்த நாலாம் நாள் வேகம் குறைந்துவிட்டது. எடை 72.9தான். ஒரு இடத்தில் உப்பை வெளியே தள்ள ஆரம்பித்தால், சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதி அந்த உப்பைத் திரும்பப் பிடித்துக்கொள்ளப் பழகிவிடும். அந்த இடத்தையும் அடைக்க மெட்டோலசோன் 2.5 மி.கி. சேர்த்தேன். சின்ன மாத்திரைதான், ஆனால் ஃப்ரூஸமைட்டோடு சேர்ந்தால் மடை உடைந்த மாதிரி போகும். போனது. ஐந்தாம் நாள் 71.0, ஆறாம் நாள் 69.6.

அந்த ஆறாம் நாள் காலையில்தான் கட்டிலை விட்டு எழுந்தவர் கண்ணைக் கட்டுகிறது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுத்தம் மேல் எண் 84. பொட்டாசியம் 3.2, சோடியம் 128. உட்கார வைத்து, காலைத் தூக்கி வைத்து, மெட்டோலசோனை நிறுத்தி, சாயங்கால ஊசியையும் விட்டோம். பொட்டாசியம் சிரப் கொடுத்தோம். அதைக் குடித்துவிட்டு அவர் முகம் சுளித்ததை இன்றைக்கும் வார்டில் பேசுகிறார்கள். மெட்டோலசோன் கொடுத்த முதல் நாள் சாயங்காலமே நான் பொட்டாசியம் பார்த்திருக்கவேண்டும். ஆறாம் நாள் காலைக்குத் தள்ளியது என் பிழை.

கால் இன்னும் வீங்கியிருக்கிறது, அப்புறம் எப்படித் தண்ணீர் வற்றி அழுத்தம் இறங்கும் என்று மகன் கேட்டார். பதிலை அப்பாவே சொன்னார். "கெணத்துல ஊத்து ஊர்றதுக்கு முந்தி மோட்டாரப் போட்டா என்னாகும்? காத்தத்தான் இழுக்கும்." அதற்கு மேல் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. மருந்து இறைப்பது ரத்தக் குழாயில் இருக்கும் நீரைத்தான். திசுக்களில் தேங்கியிருப்பது ஊற்று மாதிரி மெல்லக் கசிந்து குழாய்க்குள் வந்து சேரவேண்டும். இறைக்கும் வேகம் ஊறும் வேகத்தை மிஞ்சினால் கிணறு வற்றும், தோட்டம் முழுக்க ஈரம் இருந்தாலும். ஒரு வேளை விட்டதும் ஊற்று ஊறிவிட்டது. மறுநாள் ஃப்ரூஸமைட்டை மட்டும் பாதி அளவில் தொடங்கினோம்.

இடையில் சொந்தக்காரர்கள் இரண்டு யோசனை சொன்னார்கள். ஒன்று, நெஞ்சில் ஊசி குத்தி நீரை எடுத்துவிடலாமே என்பது. இதயச் செயலிழப்பால் சேர்ந்த நீர் மருந்திலேயே பெரும்பாலும் வற்றிவிடும், மூச்சு மிகவும் திணறினாலோ வேறு சந்தேகம் இருந்தாலோதான் குத்தவேண்டும். இவருக்கு ஆறாம் நாள் ஸ்கேனில் அது கால்வாசியாகியிருந்தது. இன்னொன்று, "டயாலிசிஸ் மெஷின்ல போட்டு ஒரே நாள்ல எடுத்துரலாமில்லீங்க?" அப்படி ஒரு வழி உண்டு. ரத்தத்தை வெளியே எடுத்து, சவ்வு வழியாக நீரை மட்டும் வடிகட்டித் திருப்பி அனுப்புவது. 2007இல் 200 பேரிடம் நடந்த அன்லோட் ஆய்வில் எடை நன்றாகவே குறைந்தது. ஆனால் சிறுநீரகமும் சேர்ந்து கெட்டுக்கொண்டிருந்த 188 பேரை வைத்து 2012இல் வந்த காரஸ் ஆய்வில், மருந்தைப் படிப்படியாக ஏற்றிக் கொடுத்தவர்களைவிட மெஷினில் போட்டவர்களுக்குக் கிரியேட்டினின் அதிகம் ஏறியது, மற்றச் சிக்கல்களும் அதிகம். எடை குறைந்தது இரண்டிலும் ஒரே அளவுதான். மருந்துக்குச் சிறுநீர் பிரிகிறவரை மெஷினுக்கு அனுப்பவேண்டியதில்லை. அது மருந்தின் எல்லாப் படியும் ஏறி முடித்தவருக்கு.

நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் வீங்கிய காலில் சின்ன உலோகக் குழாய்களைச் செருகி நீரை வடித்திருக்கிறார்கள், ரெஜினால்ட் சௌதி என்ற மருத்துவர் பெயரால் சௌதி குழாய் என்று பெயர். 1919இல் வியன்னாவில் ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர், மேகநோய்க்குப் பாதரச ஊசி போட்ட ஒரு பெண்ணுக்குக் குடம் குடமாகச் சிறுநீர் போவதைக் கவனித்தார். அது தெரிந்தது அங்கே யாரோ தினமும் சிறுநீரை அளந்து எழுதி வைத்திருந்ததால்தான். நர்ஸின் சார்ட்டில் இருந்து பிறந்த மருந்து அது. ஃப்ரூஸமைட் வந்தது 1960களில்.

சரி, வார்டுக்கு வருவோம். ஏழாம் நாள் 68.6, எட்டாம் நாள் 68.0, ஒன்பதாம் நாள் 67.8. கழுத்து நரம்பு இறங்கிவிட்டது. ஹீமோகுளோபின் 10.8லிருந்து 11.9. ரத்தம் ஏற்றாமலே ஏறியது, நீர்த்துப் போயிருந்த ரத்தம் கெட்டியானதற்கு அடையாளம். கிரியேட்டினின் 1.4க்கு இறங்கியிருந்தது, முதல் முறை நான் பயந்து அனுப்பியபோது இருந்ததைவிடக் குறைவு. செருப்பு ஏறியது, கொஞ்சம் தொளதொள என்று. மொத்தம் 10.6 கிலோ. முதல் முறை 73.6இல் வீட்டுக்கு அனுப்பியபோது அவர் உடம்பில் கிட்டத்தட்ட ஆறு லிட்டர் நீரை மிச்சம் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.

ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றி ஒரு முழு நாள் வார்டிலேயே வைத்துப் பார்த்தோம். ஃப்ரூஸமைட்டுக்குப் பதில் அதே வகை நீர் மாத்திரையான டார்செமைட் 20 மி.கி. காலையும் மத்தியானமும். குடலிலிருந்து எண்பது சதவீதத்துக்கு மேல் நிச்சயமாகப் போய்ச் சேரும் என்பதால் எனக்கு இதில் ஒரு பிடிப்பு. 2023இல் 2,859 பேரை வைத்து வந்த டிரான்ஸ்ஃபார்ம் ஆய்வு, உயிர் பிழைப்பதில் இரண்டு மருந்துக்கும் வித்தியாசமில்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே இது என் விருப்பம், அவ்வளவுதான். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் உதவுகிற டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. சேர்த்தோம், காப்புரிமை முடிந்த பிறகு இந்த ஊர் விலைக்கு அது கட்டுப்படியாகிறது. அதற்காகப் பழைய சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடைக் குறைத்தோம். சாப்பிட முடியாமல் வாந்தி பேதி என்று படுத்தால் டாபாகிளிஃப்ளோசினை நிறுத்திவிட்டு வரச் சொன்னோம். முட்டி வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்.

சந்தை நாளுக்கு வேறு ஏற்பாடு. "மாத்திரைய விடாதீங்க ஐயா, நேரத்த மாத்திக்குங்க. காலைல போடறத மண்டில இருந்து வந்து ரெண்டு மணிக்குப் போடுங்க. அடுத்தத ஆறு மணிக்கு." அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, இந்த ஒரு வாக்கியத்தை முதல் முறையே சொல்லியிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். உப்புக்கு நாள் முழுக்கச் சேர்த்து ஒரு சின்ன ஸ்பூன், மோர்மிளகாயும் அந்தக் கணக்குக்குள்தான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதையும் வாங்கவேண்டாம் என்றோம். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது, ஸ்பைரோனோலாக்டோன் போடுகிறவருக்கு அது ஆபத்து. தோட்டத்து இளநீரைத் தினமும் இரண்டு மூன்று வெட்டிக் குடிக்கிற பழக்கத்துக்கும் அதே பதில். அதில்தான் அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

எடை மெஷின் வாங்கச் சொன்னபோது மகன் சிரித்தார். தோட்டத்துக் கொட்டகையில் மஞ்சள் மூட்டை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு இருக்கிறதாம், முத்திரை போட்டது. எங்கள் வார்டு மெஷினைவிட அது நம்பகமானது. எங்களுடையது ஒரு டைல்ஸிலிருந்து அடுத்த டைல்ஸுக்குத் தள்ளினால் அரைக் கிலோ மாறும், அதனால் ஒன்பது நாளும் தரையில் சாக்பீஸால் நாலு மூலைக்கும் குறி போட்டு வைத்திருந்தோம். வீட்டுக்குப் போன மறுநாள் காலை, ஒண்ணுக்குப் போய்விட்டு, சாப்பிடும் முன்னால், வேட்டியோடு ஏறி நிற்கச் சொன்னேன். வந்த எண் 68.1. அதுதான் இனி அவருடைய கணக்குக்கு அடி. தினமும் காலண்டர் தாளில் எழுதவேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றைக்கு ஒரு டார்செமைட் கூடுதலாகப் போட்டுவிட்டு எனக்கு போன் செய்யவேண்டும்.

ஆறு வாரம் கழித்துப் பங்குனியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு போன் வந்தது. "டாக்டரு தம்பி, எழுபது புள்ளி மூணுங்க. முந்தாநாள் கெடா வெட்டுக்குப் போயிருந்தனுங்க. ஒண்ணு சேத்திப் போட்டுட்டேன்." மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, ஜக்கு கட்டிலடியில்தான் இருக்கிறது என்றார். மறுநாள் 69.2, அதற்கு அடுத்த நாள் 68.4.